குஷாலப்பா கழட்டிய துப்பாக்கி

குடகுக் கொடவர்களின் ஆயுத பூஜையான கைல்போத்துக்கு முதல் நாள் காலை, காப்பி டம்ளரைக் கீழே வைத்த கையோடு குஷாலப்பா தன் மனைவி தேச்சம்மாவிடம் அறிவித்தார்.

"இன்னிக்கு என்னை யாரும் கூப்பிடக் கூடாது. போன் வந்தா தூங்கறேன்னு சொல்லு. ஆளு வந்தா மடிகேரி போயிருக்கேன்னு சொல்லு. நான் அப்பாவோட ரைபிளைக் கழட்டப் போறேன்."

"கழட்டுங்க," என்றாள் தேச்சம்மா, கடம்புட்டு உருண்டைக்கு அரிசி ரவையைச் சலித்தபடியே. "மாட்டவும் போறீங்களா?"

குஷாலப்பா கூடத்துக்கு நடந்தார். பெரிய காரியத்தில் இறங்குகிறவன் சின்னக் கேள்விகளுக்கு நிற்க மாட்டான்.

பொன்னம்பேட்டைப் பக்கத்துக் காப்பித் தோட்டத்து வீட்டில் துப்பாக்கி ஒன்றும் அதிசயமில்லை. அந்த வீட்டுச் சுவரில் நான்கு தொங்கின. அவற்றில் மூன்று, பன்றியைக்கூடப் பயமுறுத்தாது. நான்காவதுதான் சொத்து. 1917 என்று முத்திரை குத்திய ராணுவ ரைபிள். தாத்தா பட்டாளத்தை விட்டு வரும்போது பரிசாக வாங்கி வந்தது. அப்பா சுபேதார் முத்தண்ணா அதை ஐம்பது வருஷம் கண்ணுக்குள் வைத்துக் காத்தார். மூத்த மகனைக் கிட்டே அண்ட விட்டதில்லை. பன்னிரண்டு வயதில் குஷாலப்பா அதை ஒரு தடவை தொட்டான். அன்று கன்னத்தில் விழுந்த அறை ஐம்பத்தாறு வயதிலும் அவருக்கு அவ்வப்போது கேட்கும்.

அப்பா போன மாசி மாதம் காலமானார். போவதற்கு முன், குடும்பத்துக்கே மூத்தவரான மந்தண்ணா பெரியப்பாவைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். யார் இந்த ரைபிளை முழுசாகக் கழட்டி, துடைத்து, மறுபடி மாட்டி, கைல்போத்துக்கு முதல் நாள் விளக்கேற்றும்போது பூஜை அறையில் வைக்கிறார்களோ அவர்களுக்கே அது சொந்தம். யாராலும் முடியவில்லையென்றால் குடும்பத்தின் பொது வீட்டுக்குப் போய்க் கண்ணாடி அலமாரியில் தூங்கட்டும்.

மைசூரில் இருக்கும் தம்பி பொப்பண்ணா, முதுகு வலி என்று ஒதுங்கிவிட்டான். ஆக, போட்டியே இல்லை. நாளை பண்டிகைப் போட்டிக்காக மைதானத்தில் மர உச்சியில் கட்டிய தேங்காயைத் தன் அப்பாவின் ரைபிளால் சுடப்போவதாகக் கிளப்பில் பதினோரு பேரிடம் குஷாலப்பா சொல்லி முடித்திருந்தார். பெருமைக்காக மட்டுமில்லை. அப்பா கடைசிவரை தன்னை ஒன்றுக்கும் உதவாதவன் என்று நினைத்துக்கொண்டே போய்விட்டாரோ என்ற வருத்தம் அவர் நெஞ்சில் முள்ளாக இருந்தது.

வித்தையும் கற்று வைத்திருந்தார். போனில் ஒரு வெள்ளைக்காரன் கால் மணி நேரத்தில் அதே மாதிரி ரைபிளைக் கழட்டி மாட்டியதை இரண்டு தடவை பார்த்திருந்தார். இரண்டு தடவையும் மாட்டும் கட்டம் வந்தபோது லேசாகக் கண் அசந்துவிட்டது.

கூடத்தில் ஜமுக்காளம் விரித்தார். உள்ளே தோட்டா இல்லை என்று மூன்று தரம் பார்த்துக்கொண்டார். தோட்டாப் பெட்டி கழன்று வந்தது. தோட்டாவைத் தள்ளும் போல்ட் வந்தது. இவ்வளவுதானா என்று தோன்றியது. தைரியமாகத் திருப்புளியை எடுத்துப் பின்கட்டையின் திருகில் வைத்து ஒரு திருப்புத் திருப்பினார்.

மரம் 'க்றீச்' என்றது.

"முன்கட்டையைக் கழட்டாம பின்கட்டையைத் திருகாதீங்க," சமையலறையிலிருந்து குரல் வந்தது. "மரம் விரிசல் விட்டுடும்."

குஷாலப்பாவின் கை அப்படியே நின்றது.

"உனக்கெப்படித் தெரியும்?"

"சத்தம் கேட்டுச்சு, சொன்னேன்."

"நான் என்ன திருகறேன்னு அங்கேருந்து தெரியுதா?"

"வேற என்னத்தைத் திருகியிருப்பீங்க? கைக்கு முதல்ல கிடைக்கறது அதுதானே."

"இதெல்லாம் ராணுவ சமாச்சாரம், தேச்சு. நீ உன் பன்றிக்கறியைப் பாரு."

ஆனாலும் திருகை வந்த வழியே மெல்லத் திருப்பிவிட்டு, முன்கட்டையிலிருந்து ஆரம்பித்தார். அவள் சொன்னதற்காக இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

பகல் பன்னிரண்டுக்குள் ஜமுக்காளம் நிறைந்துவிட்டது. திருகுகள், வளையங்கள், சுருள் கம்பிகள், பேர் தெரியாத இரும்புத் துண்டுகள். இவ்வளவும் இந்த ஒல்லியான துப்பாக்கிக்குள் எப்படி இருந்தன என்று அவருக்கே ஆச்சரியம். முப்பத்தொன்று எண்ணினார். திரும்ப எண்ணினார். இருபத்தொன்பது. மூன்றாம் தடவை எண்ணவில்லை. வெளியே தூறல் வலுத்தது.

அடுத்தது குழலைத் துடைப்பது. அதற்கு அப்பாவின் பெட்டியில் ஒரு கயிறு இருந்தது. ஒரு முனையில் பித்தளைக் குண்டு, மறு முனையில் துணி கோக்கும் கண்ணி. குண்டைக் குழலின் பின்னாலிருந்து போட்டால் முன்னால் விழும். பிடித்து இழுத்தால் துணி உள்ளே ஓடி அழுக்கைத் துடைத்துக்கொண்டு வரும். துணி இரண்டு விரல் அகலம் இருந்தால் போதும். குஷாலப்பாவோ, பெரிய துணி என்றால் அழுக்கும் அதிகமாக வரும் என்று நினைத்தார். துண்டில் பாதியைக் கிழித்துக் கோத்தார். எண்ணெயில் முக்கினார். இழுத்தார்.

துணி ஒரு சாண் போனது. நின்றது. குஷாலப்பா குழலின் வாயைப் பார்த்தார், குழல் அவரைப் பார்த்தது.

காலை நீட்டி உட்கார்ந்து, குழலைப் பாதங்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, மூச்சைப் பிடித்து இழுத்தார். நூறு வருஷக் கயிறு எவ்வளவுதான் தாங்கும்? பட்டென்று அறுந்தது. குஷாலப்பா மல்லாந்தார். துணி உள்ளேயே இருந்தது.

மணி இரண்டு. ஆறு மணிக்குப் பெரியப்பா விளக்கேற்ற வருவார். விளக்கேற்றும்போது உள்ளே இருக்கிற ஆயுதம்தான் கணக்கு. அதற்கப்புறம் மறுநாள் பூஜை முடியும்வரை பெரியப்பாவைத் தவிர யாரும் தொடக்கூடாது.

குஷாலப்பா கம்பியால் குத்தினார். முறுக்குக் கம்பியால் நோண்டினார். வாயை வைத்து ஊதினார். குழலின் மறுபுறம் கண்ணை வைத்துப் பார்த்தார், இருட்டாக இருந்தது. மூன்று மணியானது. மூன்றரையானது. கண்ணாடி அலமாரிக்குள் ரைபிளும், வெளியே கிளப்பின் பதினோரு பேரும் அவர் கண்ணுக்குத் தெரிந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் அப்பா நின்றார். எதிர்பார்த்தது நடந்துவிட்டதுபோல் பேசாமல் நின்றார். அதைத்தான் குஷாலப்பாவால் தாங்க முடியவில்லை.

நாலு மணிக்கு அவர் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"தேச்சு."

"ம்."

"ஒண்ணுமில்ல. சும்மா வந்தேன்."

"கயிறு அறுந்து போச்சா?"

குஷாலப்பாவின் கண் கலங்கிவிட்டது. தேச்சம்மா அதைப் பார்த்தாள். அடுப்பைத் தணித்தாள். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

ஜமுக்காளத்தை அவள் ஒரு பார்வை பார்த்தாள். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது. எண்ணெயைக் கை பொறுக்கும் சூட்டில் காய்ச்சிக் குழலுக்குள் ஊற்றினாள். படுக்கையறை ஜன்னல் திரையை உருவிப் போட்டுவிட்டு அதன் மெல்லிய பித்தளைக் கம்பியை எடுத்து வந்தாள்.

"உள்ளே ஊறட்டும். பத்து நிமிஷம்."

"பத்து நிமிஷமா? மணி நாலேகால் ஆச்சு."

"காலையிலிருந்து நீங்க அவசரப்பட்டீங்க. இப்ப அது அவசரப்படாது."

பத்து நிமிஷம் கழித்து முன்பக்கத்திலிருந்து கம்பியை விட்டுத் தட்டினாள். மெதுவாக, ஒரே சீராக. துணி அசைந்தது. இன்னும் தட்டினாள். பின்னால், ஒரு கரிய எலி வெளியே வருவதுபோல் அரைத் துண்டு வந்து விழுந்தது. குஷாலப்பா உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே இருந்தார்.

பிறகு அவள் குழலுக்குக் கொதிக்கும் நீர் விட்டாள். விரல் நீளத் துணியால் துடைத்தாள். மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் தேய்த்தாள். சோபாவுக்கு அடியில் கையை விட்டுக் காணாமல் போன இரண்டு திருகுகளையும் எடுத்தாள். ஒவ்வொரு துண்டாக மாட்டினாள். எதையும் திருப்பிப் பார்க்கவில்லை, யோசிக்கவில்லை, வெண்டைக்காய் நறுக்குகிற நிதானம். போல்ட்டை உள்ளே தள்ளி மூடியபோது எழுந்த சத்தத்தைக் கேட்டுக் குஷாலப்பாவின் உடம்பு சிலிர்த்தது. அப்பா மூடும்போது எழும் அதே சத்தம்.

மணி ஐந்தேகால்.

நன்றி பொங்கிய வேகத்தில் கூடவே சந்தேகமும் பொங்கியது. முப்பது வருஷத் தாம்பத்தியத்தில் தேச்சம்மா இனாமாக ஒன்றும் செய்ததில்லை.

"என்ன வேணும் உனக்கு?"

"ஒண்ணும் வேண்டாம்."

"பட்டுப்புடவை?"

"வேண்டாம்."

"உங்கம்மா வீட்டுக்குப் பத்து நாள்?"

"வேண்டாங்கறேன்ல. மாமாவோட ரைபிள் கண்ணாடி அலமாரிக்குப் போகாம இருந்தாப் போதும்."

அவள் இப்படிப் பேசியது குஷாலப்பாவை அதிகம் கலவரப்படுத்தியது. அவள் வாயை அடைத்து வைப்பதே புத்திசாலித்தனம் என்று பட்டது. பூஜை அறையிலிருந்து தலைக்காவேரித் தீர்த்தச் செம்பை எடுத்து வந்தார்.

"இதுமேல கை வெச்சு சத்தியம் பண்ணு. ரைபிளை நீ மாட்டினேன்னு யார்கிட்டயும் சொல்லக் கூடாது."

"யாருகிட்டயுமா?"

"யாருகிட்டயும்."

"யாரு கேட்டாலுமா?"

"யாரு கேட்டாலும்."

"நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"காலையிலிருந்து இதைத்தான் நான் நல்லா யோசிச்சிருக்கேன்."

தேச்சம்மா செம்பின்மேல் கை வைத்தாள். காவேரம்மாவின்மேல் வைத்த சத்தியத்தைக் கொடவர் வீட்டில் யாரும் மீறமாட்டார்கள். குஷாலப்பா நிம்மதியாகக் குளிக்கப் போனார். பாட்டுக்கூட வந்தது.

ஆறு மணிக்கு மந்தண்ணா பெரியப்பா வந்தார். எண்பத்திரண்டு வயது. முதுகு மட்டும் இருபத்திரண்டு. பூஜை அறையில் தூக்குவிளக்கை ஏற்றினார். நான்கு துப்பாக்கிகளும் செங்காந்தள் பூச் சூடிச் சுவரில் சாய்ந்து நின்றன. பெரியப்பா ரைபிளை எடுத்தார். போல்ட்டைத் திறந்தார். குழலை விளக்கைப் பார்த்துப் பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"கண்ணாடி மாதிரி இருக்கு," என்றார் பெரியப்பா. "யாரு செஞ்சது?"

தூக்குவிளக்கின் முன்னால் பொய் சொல்லக்கூடாது. குஷாலப்பாவுக்கு அது தெரியும். குளிக்கும்போதே அதற்கும் பதில் தயார் செய்து வைத்திருந்தார்.

"காலையில உக்காந்து முழுசாக் கழட்டினேன், பெரியப்பா. ஒரு திருகு விடாம. இதோ நிக்குது."

அதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டார்.

பெரியப்பா தேச்சம்மாவைப் பார்த்தார்.

"ஏம்மா, இவன்தான் கழட்டினானா?"

"அவரேதான் மாமா. நான் கிட்டவே போகலை."

குஷாலப்பா தலையை நிமிர்த்தினார்.

"மாட்டினது?"

"அதைச் சொல்ல மாட்டேன்னு காவேரம்மா மேல சத்தியம் பண்ணியிருக்கேன், மாமா."

விளக்கின் திரி படபடத்தது.

"யாரு பண்ணச் சொன்னது?"

தேச்சம்மா பணிவாகப் புருஷனைப் பார்த்தாள். பெரியப்பாவும் பார்த்தார். போதாததற்குச் சுவரிலிருந்து அப்பாவின் படமும் பார்த்தது. குஷாலப்பா தன் கால் கட்டைவிரலைப் பார்த்தார்.

"சரி குஷாலா, பூவை எடுத்துடறேன். விளக்கு இப்பத்தான் ஏத்தினது, குத்தமில்லை. என் கண்ணு முன்னால ஒரு தடவை கழட்டி மாட்டு. கால் மணி நேர வேலைதானே."

கழட்டுவது பற்றிக் குஷாலப்பாவுக்குப் பயமில்லை. மாட்டுவதில்தான். ரைபிளை நோக்கி நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். அப்புறம், ஐம்பத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக அந்த ரைபிளின் முன்னால் நேராகப் பேசினார்.

"என்னால முடியாது, பெரியப்பா. துணியை மாட்டிக்கிட்டேன். கயிறை அறுத்தேன். கட்டையில விரிசல் விட இருந்தேன். எல்லாத்தையும் சரி பண்ணி மாட்டினது தேச்சு. சத்தியம் வாங்கினது நான்."

பெரியப்பா கோபப்படவில்லை. ரைபிளைப் பழைய இடத்தில் வைத்தார்.

"உங்கப்பனுக்குக் கடைசி ரெண்டு வருஷம் கண்ணு தெரியலை. மாசா மாசம் இதை யாரு துடைச்சான்னு நெனச்சே?"

"அப்பாதான்…"

"நீ கிளப்புக்குப் போன உடனே அவன் கட்டில்ல படுத்துக்கிட்டுச் சொல்லுவான், இவ கழட்டி மாட்டுவா. ஆரம்பத்துல ரெண்டு மணி நேரம். முடிவுல பதினொரு நிமிஷம். எனக்குப் போன் பண்ணிப் பெருமையடிப்பான். 'யாரு மாட்டறாங்களோ அவங்களுக்கு'ன்னு அவன் சொன்னப்ப, அது உன்னைன்னு நீ நெனச்சுக்கிட்டே. அவன் சொன்னது இவளை. நான் கேட்டுட்டுச் சும்மா இருந்தேன்."

குஷாலப்பா மனைவியின் பக்கம் திரும்பினார்.

"தெரிஞ்சும் ஏன் சொல்லலை? காலையிலேயே நான் மாட்டறேன்னு சொல்லியிருக்கலாமே."

"யாரும் கூப்பிடக் கூடாதுன்னீங்க," என்றாள் தேச்சம்மா.

மறுநாள் மைதானத்தில் வானம் வெளுத்திருந்தது. கறுப்புக் கோட்டும் சிவப்புக் கச்சையுமாகக் கிளப்பின் பதினோரு பேரும் முன்வரிசையில் நின்றார்கள். பெரியப்பா ரைபிளை எடுத்து, எல்லோரும் பார்க்கத் தேச்சம்மாவின் கையில் கொடுத்தார். அவள் மர உச்சியைப் பார்த்தாள். தோளில் வைத்தாள். ஒரே வெடி. தேங்காய் தண்ணீரும் சில்லுமாகச் சிதறியது.

முதலில் கைதட்டியது குஷாலப்பாதான். பொறாமைப்பட நேரம் இருக்கவில்லை. அவ்வளவு நல்ல குறி. கண்ணைத் துடைத்துக்கொண்டபோது, தேச்சம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக அவரிடம் வந்து ரைபிளை நீட்டினாள். பதினோரு பேரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

"உங்க அப்பாவோட துப்பாக்கி. நீங்களும் ஒண்ணு சுடுங்க," என்றாள். "சுட்டுட்டு ஒரே துண்டாத் திருப்பிக் குடுத்தாப் போதும்."