மான்குட்டியைக் காப்பாற்றிய ஆர்லன்

ஜூன் மாதத்தின் முதல் சனிக்கிழமை காலையில், இரண்டாவது காபி ஆறுவதற்குள், ஆர்லன் துவெய்ட் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். சாலையோரத் தபால் பெட்டி தொடங்கிக் கீழே குளக்கரை வரைக்கும், தன் வீட்டுப் புல்தரை முழுக்க நேர்கோடாக இருக்க வேண்டும். வெட்டிய புல்லில் வண்டித் தடம் ஒன்று வெளிர்பச்சை, அடுத்தது கரும்பச்சை என்று விழ வேண்டும். எங்கேயும் வளைவு கூடாது. கல்யாணமான நாள் முதல் மனைவி லவோன் கிழித்த கோட்டைத் தாண்டாத மனிதர், அன்றைக்குத் தானே கோடு கிழிக்கக் கிளம்பினார்.

அதற்கான தைரியம் கொட்டகையில் நின்றுகொண்டிருந்தது. சீஸ் ஆலையிலிருந்து ஓய்வு பெற்றபோது ஆலைக்காரர்கள் கொடுத்தது ஒரு சுவர்க்கடிகாரம். ஆர்லன் தனக்குத் தானே கொடுத்துக்கொண்டது ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற இந்தப் புல்வெட்டும் வண்டி. அதற்கு ஸ்டியரிங் கிடையாது. தொடைக்கு ஒன்றாக இரண்டு பக்கமும் கைப்பிடி. இரண்டையும் முன்னால் தள்ளினால் வண்டி போகும். ஒன்றைத் தள்ளி மற்றதை இழுத்தால் நின்ற இடத்திலேயே பம்பரமாய்ச் சுற்றும். முதல்முறை அப்படிச் சுற்றியபோது ஆர்லனுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த வீட்டில் அவர் சொன்ன பக்கம் திரும்பிய முதல் ஜீவன் அதுதான். அன்றிலிருந்து கொட்டகைக்குள் போகும்போதெல்லாம் அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டார். தேவாலயத்தில்கூட லவோன் இடித்த பிறகுதான் கழற்றுவார்.

ஆனால் நேர்கோட்டுக்குக் குறுக்கே இரண்டு தடைகள் இருந்தன. ஒன்று, புல்தரையின் நட்டநடுவே லவோனின் ரூபார்ப் பாத்தி. குடை அகலத்துக்கு இலையும் சிவப்புத் தண்டுமாய் மேலே மேலே வரும் செடி. அந்தப் புளிப்புத் தண்டை நறுக்கிச் சர்க்கரை கொட்டி, மாவுக்குள் வைத்து அவள் சுடுகிற 'பை' பலகாரத்துக்காக ஊரே காத்திருக்கும். ஆர்லனும் நாக்கைச் சப்புக்கொட்டித் தின்பார். ஆனால் வண்டியில் ஏறிவிட்டால் அது பாத்தியாகத் தெரியாது, வேண்டுமென்றே நடுரோட்டில் படுத்திருக்கும் மாடாகத் தெரியும். ஒவ்வொரு வாரமும் அவர் கோடு அங்கே வந்து வளைந்து, நெளிந்து, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனது.

இரண்டாவது, குளத்துக்கு இறங்கும் சரிவு. அதை வெட்டாமல் விட்டுவிடலாம், பூச்செடி தானாக முளைக்கும், பட்டாம்பூச்சி வரும் என்று லவோன் வருஷக்கணக்காகச் சொல்லிவந்தாள். பாதிச் சவரம் செய்த முகத்தோடு யாராவது தெருவில் போவார்களா என்று ஆர்லன் கேட்டார். அவள் அதற்குப் பதில் சொல்லவில்லை. லவோன் பதில் சொல்லாமல் விடுவது விட்டுக்கொடுத்ததாக அர்த்தமில்லை என்பது ஆர்லனுக்குத் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் மறந்துபோகும்.

சரிவு ஒருபக்கம் இருக்கட்டும், முதலில் பாத்தி என்று அவர் திட்டம் போட்டிருந்தார். ஒரேயடியாக வெட்டினால் மாட்டிக்கொள்வோம். வாரத்துக்கு நாலு விரல்கடை ஓரத்தில் சுரண்டினால் போதும். இலையுதிர் காலம் வருவதற்குள் பாத்தி கைக்குட்டை அளவுக்குச் சுருங்கிவிடும். செடிக்கு ஏதோ சீக்கு என்று லவோன் வருத்தப்படுவாள். தானும் கூட நின்று வருத்தப்படலாம். அந்த வருத்தத்துக்கான முகத்தைக்கூட அவர் குளியலறைக் கண்ணாடியில் ஒருமுறை போட்டுப் பார்த்திருந்தார்.

அன்று லவோன் மறுநாள் நடக்கவிருந்த ஸ்ட்ராபெரி விருந்துக்குச் சமைப்பதற்காகத் தேவாலயத்துக்குக் கிளம்பினாள். காரில் ஏறியவள் கண்ணாடியை இறக்கினாள்.

"நேத்து மழை பேஞ்சிருக்கு. சரிவு ஈரமா கிடக்கு. அந்தப் பக்கம் போகாத."

போகமாட்டேன் என்றார் ஆர்லன். அப்போது அவர் மனதிலும் அந்த எண்ணம் இல்லைதான்.

கார் திருப்பத்தில் மறைந்ததும் வண்டியை எடுத்தார். முதல் கோடு தபால் பெட்டியிலிருந்து நூல் பிடித்த மாதிரி வந்தது. இரண்டாவது அதைவிட நேராக வந்தது. மூன்றாவது கோட்டில் பாத்தி எதிர்ப்பட்டது. நாலு விரல்கடைதான் என்று சொல்லிக்கொண்டே ஓரத்தை உரசினார். ஒரு குடை சாய்ந்தது. அடியில் கத்தி 'சளக்' என்று ஒரு சத்தம் போட்டது. அந்தச் சத்தம் மனிதனைக் கெடுத்துவிட்டது. கைகள் தானாக இரண்டு பிடிகளையும் முழுசாக முன்னால் தள்ளின. எதிர்ப்பக்கம் வெளியே வந்தபோது பாத்தி நடுவில் வகிடு எடுத்த தலை மாதிரி இருந்தது.

பயத்தில் பிரேக்கைத் தேடினார். நசுங்கிய இலையும் தண்டுச் சாறும் டயரில் அப்பிக்கொண்டிருந்தன. வழுக்கிய பின்சக்கரங்கள் மெல்ல ஒரு பக்கம் ஒதுங்கின. அந்தப் பக்கம்தான் சரிவு.

பிறகு நடந்ததை ஆர்லன் பயத்தோடு பார்த்ததைவிட பிரமிப்போடு பார்த்தார் என்பதுதான் உண்மை. பிடிகளை இழுத்தார், தள்ளினார். வண்டி எதையும் கேட்கவில்லை. ஆனால் அவசரப்படவும் இல்லை. புது மாப்பிள்ளையை ஊர்வலம் கூட்டிப்போகிற மாதிரி அவரை நிமிர்ந்த வாக்கிலேயே உட்காரவைத்துக்கொண்டு சரிவில் இறங்கியது. நாணல்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிட்டன. ஒரு தவளை எழுந்துகொண்டது. தண்ணீர் முழங்காலுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது. அடியில் ஏதோ பாறையில் 'ணங்' என்று மோதி வண்டி நின்றது. எஞ்சின் ஒருமுறை கொப்பளித்துவிட்டு அடங்கியது. குளத்தின் நடுவே, சிம்மாசனத்தில் இருப்பவர்போல ஆர்லன் உட்கார்ந்திருந்தார். தொப்பிகூட நனையவில்லை.

சத்தம் கேட்டு முதலில் வந்தது பக்கத்துப் பண்ணை ராய்ஸ் பிரெக்கி. கையில் காபிக் கோப்பையோடு கரையில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். ராய்ஸ் எதற்கும் பதறாத மனிதர்.

"குளிக்கிறியா, ஆர்லன்?"

அப்போதுதான் ஆர்லனுக்குத் தன் நிலைமை புரிந்தது. குளத்துக்குள் விழுந்ததற்கு ஒரு காரணம் வேண்டும். அதைவிட முக்கியம், பாத்திக்கும் ஒரு காரணம் வேண்டும். ஒரே காரணம் இரண்டுக்கும் பொருந்தினால் நல்லது. வாயைத் திறந்தார். அதற்குள்ளிருந்து ஒரு மான்குட்டி துள்ளிக் குதித்தது.

"குட்டி மான், ராய்ஸ். புல்லுக்குள்ள படுத்திருந்துச்சு. கடைசி நிமிஷத்துலதான் கண்ணுல பட்டுச்சு. ஒடிச்சுத் திருப்பிட்டேன்."

"ரூபார்ப் மேலயா?"

"வேற வழியில்ல."

ராய்ஸ் வருஷம் தவறாமல் மான் வேட்டைக்குப் போகிறவர். துப்பாக்கியைத் துடைத்துவைக்கிற கையாலேயே தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். தன் பொய்க்கு இவ்வளவு மரியாதை கிடைத்ததைப் பார்த்து ஆர்லனுக்கே மெய் சிலிர்த்தது. லவோனுக்குப் பை எப்படி வருமோ, தனக்குப் பொய் அப்படி வருகிறது என்று ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது.

மறந்துபோன பாத்திரத்தை எடுக்க லவோன் திரும்பி வந்தது அந்த நேரத்தில்தான். காரை நிறுத்தினாள். வகிடெடுத்த பாத்தியைப் பார்த்தாள். அதிலிருந்து சரிவு வரைக்கும் போன தடத்தைப் பார்த்தாள். அந்தத் தடத்துக்குப் பின்னால், தபால் பெட்டியிலிருந்து பாத்திவரை எங்கேயும் ஒடிக்காமல் திருப்பாமல் வந்திருந்த நேர்கோட்டையும் ஒரு பார்வை பார்த்தாள். ராய்ஸ் நடந்ததையெல்லாம் அவளுக்குச் சொன்னார். ஆர்லன் சொன்னதைவிட நன்றாகவே சொன்னார். கரைக்கு வந்த லவோன் நேராகக் கணவரைப் பார்த்தாள்.

"குட்டிக்கு ஒண்ணும் ஆகலையே?"

ஆகவில்லை என்றார் ஆர்லன். அது எந்தப் பக்கம் ஓடியது என்று கேட்டாள். காட்டுப் பக்கம் என்று கை காட்டினார். அது படுத்திருந்தது எங்கே என்று கேட்டாள். மேல்புறப் புல்லைக் காட்டப்போனவர் சட்டென்று கையை நிறுத்தினார். அங்கே புல் பட்டாளத்துக்காரன் தலைபோல ஒட்ட வெட்டியிருந்தது. ஒரு எலி படுத்தால்கூடத் தெரியும். கை மெல்லச் சரிவுப் பக்கம் திரும்பியது. அங்கேதான் கொஞ்சம் உயரமாக இருந்தது.

"சரிவுலயா," என்றாள் லவோன். "ராய்ஸ், தாய் மான் ஒரு தடவை குட்டியை விட்ட எடத்துக்கே மறுபடியும் வருமா?"

வரும் என்றார் ராய்ஸ். புல் உயரமாக, ஆள் நடமாட்டம் இல்லாமல் இருந்தால் வருஷா வருஷம் வரும்.

"அப்படியா," என்றாள் லவோன். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. ஆர்லன் மூச்சு விட்டார்.

பிறகு அவள் செய்ததை ராய்ஸ் இன்றைக்கும் ஊரில் சொல்லிக்கொண்டிருக்கிறார். வண்டியை இழுக்கத் தன் டிராக்டரைக் கொண்டுவந்த ராய்ஸ், ஈரச் சரிவில் அதுவும் போய்விடும் என்று மேலேயே நின்றுவிட்டார். லவோன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். தேவாலயத்துக்குப் போட்டிருந்த பூப்போட்ட கவுனோடு, சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். மூச்சைப் பிடித்து முங்கி, வண்டியின் பின்சட்டத்தில் கொக்கியை மாட்டினாள். எழுந்தபோது தலையில் பாசி இருந்தது. ஆர்லன் இறங்கப் போனார்.

"நீ அப்படியே உக்காரு. பின்னால கனம் வேணும்."

டிராக்டரை அவளே ஓட்டினாள். சரிவுக்கு நேராக இழுக்காமல், பக்கவாட்டில் கெட்டித் தரையாகப் பார்த்து நிறுத்தினாள். முரட்டு எஞ்சினைக் குழந்தையை எழுப்புகிற மாதிரி மெதுவாக உசுப்பினாள். சங்கிலி விறைத்தது. குளம் ஒரு பெரிய ஏப்பம் விட்டது. ஆர்லன் சிம்மாசனத்தோடு பின்பக்கமாகக் கரையேறினார். அவள் பால்பண்ணையில் வளர்ந்தவள் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் இத்தனை வருஷமும் சேர்ந்து போகும்போதெல்லாம் காரில் பக்கத்து இருக்கையில், மடியில் பாத்திரத்தோடுதான் அவளைப் பார்த்திருக்கிறார். வீட்டில் வண்டி வித்தை தெரிந்தவர் தான் மட்டுமே என்று நினைத்திருந்தார். சேறு வழிய உட்கார்ந்து, தோளுக்கு மேலாகத் திரும்பி அவளைப் பார்த்தார். வாய் திறந்தபடியே இருந்தது. அதற்குள் ஒரு கொசு போய் வந்தது.

மேலே வந்ததும் லவோன் அவர் தோளில் ஒட்டியிருந்த ரூபார்ப் தண்டுத் துணுக்கை எடுத்துப் பார்த்து, கவுன் பையில் போட்டுக்கொண்டாள். உடை மாற்றினாள், பாத்திரத்தை எடுத்தாள், தேவாலயத்துக்குப் போய்விட்டாள்.

மறுநாள் ஞாயிறு. ஆர்லன் உள்ளே நுழைந்ததும் முன்வரிசைவரை தலைகள் திரும்பின. இரண்டு பேர் எழுந்து கை குலுக்கினார்கள். போதகர் சோல்வெய்க் அம்மா பிரசங்கத்தின் நடுவே, சிறிய உயிருக்காகத் தன் உயிரையும் தன் வண்டியையும் பொருட்படுத்தாத ஒருவர் நம்மிடையே இருக்கிறார் என்றார். ஆர்லன் காலணியைப் பார்த்தார். விருந்தில் அவர் தட்டில் மட்டும் ஸ்ட்ராபெரி கோபுரமாக விழுந்தது. எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது லவோன் எழுந்து கரண்டியால் கோப்பையைத் தட்டினாள். அவள் கூட்டத்தில் பேசி ஆர்லன் பார்த்ததே இல்லை.

"ஆர்லன் கூச்சப்படுவார், அதனால நான் சொல்றேன். அந்தத் தாய் மான் அடுத்த வருஷமும் வரணும்னு, இனிமே சரிவுல புல் வெட்டுறதில்லன்னு அவர் முடிவு பண்ணியிருக்கார்."

தன் முடிவை ஆர்லன் அப்போதுதான் முதல்முதலாகக் கேள்விப்பட்டார். கூடம் முழுக்கக் கைதட்டியது. ராய்ஸ் மூக்கைச் சிந்தினார். எழுந்து நின்று ஆமாம் என்று தலையாட்டுவதைத் தவிர வேறு எதையும் செய்ய ஒரு மனிதனுக்கு அங்கே இடமிருக்கவில்லை.

திரும்பும் வழியில் ஆர்லன் காரை ஓட்டினார். சோளக் கொல்லைகள் போய்க்கொண்டே இருந்தன. உண்மையைச் சொன்னால் சரிவு திரும்பிக் கிடைக்கும், ஊர் மரியாதை போய்விடும். சொல்லாவிட்டால் மரியாதை நிற்கும், சரிவு போய்விடும். ஆர்லன் தொண்டையைச் செருமினார்.

"லவோன், அந்த மான்குட்டி..."

"சொல்லு."

அவள் குரலில் ஒரு அவசரமும் இல்லை. ஆர்லன் ஒரு கொல்லை தாண்டும்வரை யோசித்தார்.

"...நல்லா இருக்கணும்னு நெனச்சேன்."

"இருக்கும்," என்றாள் லவோன், சன்னலுக்கு வெளியே பார்த்தபடி. "அது இருக்கிற எடத்துல அதுக்கு ஒரு ஆபத்தும் வராது."

ஆர்லன் தன் வீட்டுத் திருப்பத்தைத் தவறவிட்டார். அவர் பயந்தது திட்டுக்கு. இது திட்டைவிடப் பெரியதாக, மலைமேல் நின்று பள்ளத்தாக்கைப் பார்க்கிற மாதிரி இருந்தது. பக்கத்தில் இருந்தவளை ஓரக்கண்ணால் பார்த்தார். மடியில் காலிப் பாத்திரத்தோடு சாதாரணமாக உட்கார்ந்திருந்தாள்.

அந்தக் கோடையில் சரிவு நெஞ்சளவு வளர்ந்தது. மஞ்சளும் ஊதாவுமாய்ப் பூத்தது. லவோன் சொன்ன பட்டாம்பூச்சிகள் சொல்லிவைத்த மாதிரி வந்தன. தேவாலயத்து ஞாயிற்றுப் பள்ளிப் பிள்ளைகள் ஒருநாள் வரிசையாக வந்து மான்குட்டி படுத்திருந்த இடத்தைக் கேட்டார்கள். ஆர்லன் காட்டினார். அதற்குப் புள்ளி இருந்ததா என்று கேட்டார்கள். இருந்தது என்றார். இரண்டு மூன்று தடவை காலையில் சன்னலைத் திறந்து அது வந்திருக்கிறதா என்று அவரே எட்டிப் பார்த்ததும் உண்டு.

வண்டியின் எஞ்சினை ராய்ஸ் சரிசெய்துவிட்டார். கத்தித் தட்டுதான் பாறையில் மோதிக் கோணிப்போயிருந்தது. மாற்றுத் தட்டு வரும் வரும் என்றார்கள், வரவில்லை. ஓடுகிறது, ஆனால் வெட்டாது. ஓடுகிற வண்டி சும்மா நிற்பானேன் என்று லவோன் பின்னால் ஒரு இழுவைப் பெட்டியைக் கோத்து, ராய்ஸ் பண்ணையிலிருந்து சாணி உரம் கொண்டுவர ஆரம்பித்தாள். அறுபட்ட ரூபார்ப் முன்னைவிட ஆவேசமாகத் துளிர்த்திருந்தது. இரண்டு பிடிகளையும் இரண்டு விரலால் தொட்டு, வீட்டுக்குப் பின்னால் இருந்த ஆப்பிள் மரங்களுக்கு நடுவே பெட்டியோடு அவள் வண்டியைச் சுழற்றிய அழகைப் பார்த்து ஆர்லன் தொப்பியைக் கழற்றினார்.

மிச்சமிருந்த மேல்புறப் புல்லுக்காக, பரணிலிருந்து பழைய கைத்தள்ளு இயந்திரத்தை இறக்கிக்கொண்டார். ஆகஸ்ட் வெயிலில் தபால் பெட்டியிலிருந்து அதைத் தள்ளிக்கொண்டு வந்தபோது, லவோன் உரப்பெட்டியோடு வந்து பக்கத்தில் நிறுத்தினாள். இருக்கையில் இருந்தபடியே கண்ணுக்கு மேல் கையை வைத்து, அவர் போட்ட கோட்டை முழுக்கப் பார்த்தாள்.

"அந்த ஓரத்துல கொஞ்சம் விட்டுட்டே, ஆர்லன்."