அசை

ஆடு அசை போடுவதை நிறுத்திவிட்டது. பக்ரீத்துக்கு ஒரு வாரம்கூட இல்லை. நோய் கண்ட ஆடு குர்பானிக்கு ஆகாது.

மக்பூல் அகமது ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தோல் தரம் பார்ப்பவர். ஆட்டுத் தோலை ஒருமுறை தடவினால் ரகம் சொல்லிவிடுவார். தோலுக்கு உள்ளே நடப்பது அவருடைய இலாகா அல்ல.

கல்யாண வீட்டிலிருந்து வந்த பிரியாணியில் மிஞ்சியதை ஆட்டுக்கு வைத்தது அவர்தான். சோறு உள்ளே போய்ப் புளித்து, வயிறு மத்தளமாக உப்பியது. சோடா வாங்கி ஊற்றினார். இன்னும் உப்பியது. பல் பிடுங்கியபோது தனக்கு எழுதித் தந்ததில் மீந்திருந்த ஆன்டிபயாடிக் மாத்திரைகளை வெல்லத்தில் பொதிந்து ஊட்டினார். அதோடு ஆட்டின் வாய் அசைவதும் நின்றது.

கால்நடை டாக்டர் தமிழ்வேந்தன் ஆட்டைப் பார்ப்பதற்கு முன் மாத்திரை அட்டையைப் பார்த்தார்.

“ஆடு தழையை மெல்லும், அவ்ளோதான் பாய். செரிக்க வைக்கிறது வயித்துல இருக்கிற கிருமிங்க. அதுங்கள மொத்தமா கொன்னுட்டீங்க.”

“இப்ப இன்னா சார் பண்றது?”

நன்றாக இருக்கும் ஆடு அசை போடும்போது அதன் வாயிலிருந்து ஒரு கவளம் எடுத்து இதற்கு ஊட்டச் சொன்னார் டாக்டர். அந்தக் கிருமிகள் இங்கே குடியேறிப் பிழைத்துக்கொள்ளுமாம்.

தெருவில் இன்னொரு ஆடு பக்கத்து வீட்டு நர்ஸ் லில்லியிடம் மட்டும் இருந்தது. மக்பூலின் ஆடு மதில்மேல் முன்காலை வைத்து லில்லியின் ரோஜாச் செடிகளை மேய்ந்ததிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை.

போய்க் கேட்கச் சொன்னாள் மனைவி ஷஹீன் பானு.

“செடிய தின்னது பத்தாதுன்னு, வாயில இருக்கிறதயும் குடுன்னு கேக்கவா?” என்றார் மக்பூல்.

ஞாயிற்றுக்கிழமை லில்லி சர்ச்சுக்குக் கிளம்பியதும் மதிலேறிக் குதித்தார். லுங்கி ஆணியில் மாட்டிக் கிழிந்தது. கண்ணை மூடி அசை போட்டுக்கொண்டிருந்த ஆட்டின் வாய்க்குள் கையை விட்டார். கடித்தது. மறுபடி விட்டார். பச்சையாக ஓர் உருண்டை கைக்கு வந்தது.

திரும்பினால், கேட்டருகே லில்லி. கண்ணாடியை மறந்துவிட்டுத் திரும்பி வந்திருந்தார்.

மக்பூல் பிரியாணியில் ஆரம்பித்து எல்லாவற்றையும் ஒப்பித்தார். மன்னிப்புக் கேட்டார். உருண்டையைத் திருப்பித் தர வேண்டுமா என்றும் கேட்டார்.

லில்லி கிட்டே வந்து அந்த உருண்டையைப் பார்த்தார்.

“வாணாம் பாய். போன வாரம் எங்க ஆடு இப்டி கெடந்தப்ப, நீங்க ஜும்மாவுக்குப் போன நேரம் பாத்து, உங்க ஆட்டு வாயிலருந்து நான் எடுத்ததுதான் அது.”