உச்சியார் பிக்கோலோ ட்ரம்பெட் கொண்ட படலம்

வாழி உச்சியார்! வாழி அவர்தம் உதடு! மூக்கின்மேல் நில்லாது நழுவும் கண்ணாடிச் சட்டங்களை வெப்பக்காற்றில் வாட்டி வளைத்து நிமிர்த்தும் விரல்வேந்தர். பகலெல்லாம் கண்ணாடிக் கடையில் பிறர் பார்வையைத் திருத்தி, மாலையெல்லாம் ட்ரம்பெட் ஊதி அண்டைவீட்டார் பொறுமையைப் பதம் பார்க்கும் பித்தளைப்புயல். நகர வாத்தியக் குழுவின் இரண்டாம் வரிசையில் தூணுக்குப் பின்னால் அமர்ந்திருந்தும், எட்டாத ஸ்வரம் ஒன்று தாளில் தென்பட்டால் எட்டிப்பிடிக்கத் தாவி, பலமுறை மண்ணைக் கவ்வி, சிலமுறை வானைத் தொட்டு, அவ்விரண்டின் காரணமாகவும் 'உச்சி' எனும் பட்டம் பெற்ற ஊதற்பெருந்தகை. அவர் கருவி கொள்ளக் களம் புகுந்த காதையைக் கூறுவாம். காற்றே, நீ எம் பக்கம் நில்! அவர் பக்கம் நின்று நீ கண்ட பலன் போதும்.

அக்குழுவின் தலைவர் வெண்மீசையும் கருங்கோபமும் தாங்கியவர், கோலசைத்தால் முப்பது பேர் மூச்சை அடக்கும் பெருமையர், பேண்ட் மாஸ்டர் என்று ஊரழைக்கும் உக்கிரமூர்த்தி. அவர் ஆண்டு விழாவுக்கென ஓர் இசைத்துண்டைத் தேர்ந்தார். அதன் நடுவே ஒரு தனிப்பகுதி இருந்தது. மேகத்துக்கு மேலே தொடங்கி அதற்கும் மேலே ஏறிச் செல்லும் பகுதி. அதைச் சாதாரண ட்ரம்பெட்டில் வாசிக்கப் புகுந்தால் ஊதுபவரின் விழி வெளியே வருமேயன்றி ஸ்வரம் வெளியே வராது. அதற்கென்றே இவ்வுலகில் பிறந்தது பிக்கோலோ ட்ரம்பெட். அண்ணன் ட்ரம்பெட்டில் பாதி நீளக் குழாய், அண்ணனைவிட ஒரு ஸ்தாயி உயர்ந்த குரல், அண்ணனைவிடப் பன்மடங்கு விலை. குழுவில் ஒருவரிடமும் அது இல்லை.

மாஸ்டர் முழங்கினார்: "சனிக்கிழமை ஒத்திகைக்கு அந்தக் கருவியோட வந்தா உச்சி வாசிக்கட்டும். வரலைன்னா கிளாரினெட்டுக்குக் குடுத்துடுவேன். இதுல பேச்சே கிடையாது."

கிளாரினெட் என்று அவர் சுட்டியது யாரை? அக்குழுவில் அக்கருங்குழல் ஊதும் உச்சியாரின் இல்லத்தரசியை! ரத்தப் பரிசோதனைக் கூடத்தில், தோலுக்கடியில் எங்கே ஒளிந்த நரம்பையும் ஒரே குத்தில் கண்டு குருதி கொள்ளும் ஊசிக்கொற்றவையை! ஒரே கூரையின்கீழ், ஒரே படுக்கையில், ஒரே தனிப்பகுதியின்மேல் மையல் கொண்ட இருவர் துயின்றனர் என்றால் அவ்வீட்டின் அமைதி எத்தகையது என்பதை விரித்துரைக்கவும் வேண்டுமோ?

ஆயினும் அவ்வம்மையாரே வெள்ளிக்கிழமை காலை, கதவு சரியாக மூடாத குளிர்பெட்டிக்குப் பதில் புதியது வாங்கச் சேர்த்த பணத்தை உறையோடு எடுத்துக் கணவர் முன் வைத்தார்.

"ஏங்க, பிரிட்ஜ் கதவை இன்னும் கொஞ்ச நாள் கயித்தைக் கட்டியே மூடிக்கலாம். இதுல வாங்குங்க. இதுக்கு மேல ஒரு காசு கேக்கக் கூடாது."

உச்சியார் திகைத்தார். "உனக்கு அந்தப் பகுதி வேணாமா?"

"வேணுந்தான். ஆனா அது கிடைக்கலைன்னு நீங்க மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு வளைய வருவீங்களே, அதை விழா வரைக்கும் என்னால பார்த்துக்கிட்டிருக்க முடியாது."

இவ்வாறு அன்பும் அலுப்பும் சரிபாதி கலந்த ஆணை பெற்று, சனிக்கிழமை பிற்பகல் உச்சியார் புறப்பட்டார். அவருக்குத் துணைப்படையாக வந்தவர் அம்மையாரின் தம்பி. சோபா விற்கும் கடையில், நாற்காலி வாங்க வந்தவர் தலையில் மூன்று பேர் அமரும் சோபாவைக் கட்டி அனுப்பும் வணிகச் சிங்கம். விற்பதில் இவ்வளவு வல்லவனானால் வாங்குவதில் எவ்வளவு வல்லவனாயிருக்க வேண்டும் என்று தம்மைத் தாமே நம்பிய தறுகண்மையர். பேருந்தில் அவர் போர்விதி வகுத்தார்.

"மாமா, கடையில நீங்க வாயைத் தொறக்கவே தொறக்காதீங்க. ஊதறதுக்கு மட்டும் தொறங்க."

செருப்புத் தைக்கும் கடைக்கும் நகலெடுக்கும் கடைக்கும் இடையே ஒடுங்கிக் கிடந்தது அவ்வாத்தியக் கோட்டை. கூரையெங்கும் கிதார்கள் வௌவால்களெனத் தொங்க, மூலையில் மத்தளங்கள் தூசி போர்த்து உறங்க, கல்லாவின் பின்னே தேநீர்க் குவளையும் தலைமேல் தள்ளிய மூக்குக் கண்ணாடியுமாய் வீற்றிருந்தார் கடைக்காரம்மா. அவர் கண்ணாடியின் இடக்கால் கோணியிருப்பதை உச்சியாரின் கண் கண்டது, கை துடித்தது, போர்விதி கருதி அடங்கியது. கேட்டவுடன் மூன்று பிக்கோலோக்கள் கண்ணாடிப் பேழையிலிருந்து இறங்கின. ஊதிப் பார்க்கவென்று, உதடு பொருத்தும் கழற்றுமுனையாம் மவுத்பீஸ், கடைக்குச் சொந்தமானது ஒன்றும் இறங்கியது.

முதலாவது வெள்ளிமேனியள். விரலால் அமுக்கும் வால்வுகள் நான்கும், விரல் வைக்குமுன் இறங்கி விரல் எடுக்குமுன் ஏறின. உச்சியார் ஊதினார். ஊதியது தாம்தானா என்று பின்னால் திரும்பிப் பார்த்தார். பிறகு விலைச்சீட்டைப் புரட்டினார். அந்நொடியே கருவியைப் பிறர் வீட்டுக் குழந்தையைத் திருப்பித் தருவதுபோல் இரு கையாலும் மேசைமேல் கிடத்தினார்.

இரண்டாவது புத்தம்புதிது. பொன்முலாம் பூசிய புன்னகையள், உறைக்குள் அடங்கும் விலையள். வால்வு மூன்றுதான் என்றாலும் மினுமினுப்பில் குறைவில்லை. ஆனால் ஊதியபோதோ, சுருதி காட்டும் கருவியின் முள், வழி கேட்டு அலையும் வழிப்போக்கனென இடமும் வலமும் அலைந்தது. ஒரு ஸ்வரம் கொஞ்சம் கீழே, அடுத்தது கொஞ்சம் மேலே, மூன்றாவது எங்கே என்று அதற்கே தெரியவில்லை. பக்கத்துக் கடையில் செருப்புத் தைப்பவர் எழுந்து கதவைச் சாத்தும் ஓசை கேட்டது.

மூன்றாவது யாரோ வாசித்துவிட்டு விற்றது. இடக்கை பிடித்த இடத்தில் முலாம் தேய்ந்து செம்மை காட்ட, ஓசை வெளிவரும் அகன்ற வாயின் விளிம்பில் சொட்டை விழுந்திருக்க, நான்காம் வால்வு இறங்கினால் ஏறுவதற்கு யோசனை செய்தது. உச்சியார் உதட்டைப் பொருத்தினார். ஆ! உண்மையான சுருதி! மெல்லிய, கூரிய, காலை வெயில்போன்ற குரல் கூரையில் தொங்கிய கிதார்களின் தந்திகளையெல்லாம் தொட்டு முனகவைத்தது. அவர் இமைகள் ஈரமாயின. விலையோ உறையைவிடச் சற்றே அதிகம். அந்தச் சற்றேயின் மேல்தான் மூண்டது மாபெரும் யுத்தம்.

மச்சினர் முதல் கணை தொடுத்தார். "என்னக்கா இது, சொட்டை விழுந்திருக்கு?"

"விழுந்திருக்கு. அதனாலதான் இந்த விலை."

"சத்தமும் நல்லால்லையே. எங்க மாமா ஊதினா எப்படி அலறுது பாருங்க."

கடைக்காரம்மா தேநீரை ஒரு மிடறு அருந்தினார். "கருவி நல்லாத்தான் இருக்கு தம்பி. உங்க மாமாவைத்தான் கொஞ்சம் பார்க்கணும்."

அக்கணை நேரே சென்று உச்சியாரின் மார்பில் தைத்தது. விதி கருதி அவர் வாய் திறந்தாரில்லை. மச்சினரோ தளர்ந்தாரல்லர். மதில்மேல் ஏணி சாத்தி ஏறும் மறவனென, விலையிலிருந்து ஒவ்வொரு பொருளாய் உருவி எறியத் தொடங்கினார். பெட்டி வேண்டாம், துணியில் சுற்றிக்கொள்கிறோம். எண்ணெய் வேண்டாம். துடைக்கும் துணி வேண்டாம். தாங்கி வேண்டாம். விலை படிப்படியாய் இறங்கி உறையின் வாசலில் வந்து நின்று, உள்ளே நுழைய ஒரே ஓர் அடி மறுத்தது.

"இதோட வர்ற மவுத்பீஸும் வேணாம்க்கா. எங்ககிட்டயே இருக்கு. கழிச்சுக்குங்க."

"வேணாமா? யோசிச்சுக்குங்க."

"யோசிச்சாச்சு."

உச்சியார் யோசிக்கவில்லை. அவர் மனம் அப்போது மேகத்துக்கு மேலே அத்தனிப்பகுதியின் கடைசி ஸ்வரத்தில் நின்றுகொண்டிருந்தது. தலை மட்டும் தானே ஆடியது. உறை கைமாறியது, கோட்டை விழுந்தது, மச்சினரின் கைத்துண்டில் சுருண்டு, தாயின் மார்பில் துயிலும் மகவென, பிக்கோலோ உச்சியாரின் அக்குளில் அடங்கியது.

அன்று மாலை ஒத்திகை மண்டபத்துள் அவர் நுழைந்த நுழைவை என்னென்பேம்! கைத்துண்டு விலகியது, பித்தளை மின்னியது, முரசறைவோர் கோல் நிறுத்தினர், புல்லாங்குழலோர் கழுத்து நீட்டினர், முன்வரிசையில் அம்மையார் தம் கிளாரினெட்டை மடியில் கிடத்தி, ஆசையை விழுங்கி, புன்னகைத்தார். மாஸ்டர் கோலுயர்த்தினார். உச்சியார் தமது ட்ரம்பெட்டின் மவுத்பீஸைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துச் சட்டையிலேயே துடைத்து, பிக்கோலோவின் வாயில் வைத்து அழுத்தினார்.

நுழையவில்லை.

திருப்பி அழுத்தினார். ஈரப்படுத்தி அழுத்தினார். மூச்சடக்கி, பல் கடித்து, மலையைப் பிளப்பவர்போல் அதை அழுத்தினார். அண்ணன் கருவிக்கான காம்பு பெரிது, தம்பி கருவியின் வாய் சிறிது. இயற்கையின் இக்கொடிய நீதி எந்த வீரத்துக்கும் வளையவில்லை.

"கொஞ்சம் திருகிப் பாருங்க மாமா," என்றார் வாசலில் நின்ற மச்சினர், குரல் இறங்கி.

"சுத்தியல் வேணுமா?" என்றார் முரசறைவோருள் ஒருவர், உதவும் எண்ணத்தோடு.

மாஸ்டர் கோலைத் தாழ்த்தினார். "கிளாரினெட்," என்றார் அவர், ஒற்றைச் சொல்லில்.

அம்மையார் கணவரைப் பார்த்தார். உச்சியார், தோல்வியின் கரிய கடலில் கழுத்தளவு நின்றபடி, வலக்கையை நீட்டி, வாசி என்று சைகை காட்டினார். அம்மையார் வாசித்தார். ஒரு நரம்பும் தப்பாத அதே கைத்திறத்தோடு ஒரு ஸ்வரமும் தப்பாது வாசித்தார். அப்பகுதி மேகத்துக்கு மேலே தொடங்கி அதற்கும் மேலே ஏறியபோது, தூணுக்குப் பின்னால் உச்சியாரின் விரல்கள் ஊதாத கருவியின் வால்வுகளை அவரோடு சேர்ந்து அமுக்கி ஏறின. நான்காம் வால்வு மட்டும் ஓர் அடி பிந்தி வந்தது. வாசித்து முடிந்தபோது மற்றவர்க்கெல்லாம் முன்னே கைதட்டியவர் உச்சியாரே. அடுத்துத் தட்டியவர், தமக்கு இதில் பங்கில்லை என்பதுபோல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்த மச்சினர்.

கோட்டைகளைக் கொண்டவர் உண்டு, கோட்டையைக் கொண்டபின் திறவுகோலைத் தெருவில் விட்டவரும் உண்டு. விலையை வீழ்த்தி வீழ்ந்தவரும், வீழ்ந்தும் தம் துணைவியின் வெற்றிக்கு முதற்கை தட்டியவருமான இவரை எவ்வரிசையில் நிறுத்துவது என்று வானோர் கூடித் தலை சொறிய, திசைகள் எட்டும் செவி சாய்க்க, பித்தளைக்குலம் முழுதும் பெருமூச்சு விட, உச்சியாரின் சட்டைப்பையோ வெறுமையின் பெருவெளியாய் விரிந்து கிடந்தது.

மவுத்பீஸ் அடுத்த மாதச் சம்பளத்தில்தான் வாங்க முடியும்.