கத்தி மேஸ்திரியின் ஈரப் படம்

சேலம் ஜில்லாவில் புலிக்குப் பயப்படாதவன்கூடக் கத்தி மேஸ்திரியின் படத்துக்குப் பக்கத்தில் தும்மப் பயப்படுவான். ஆயில் பெயிண்டிங்கில் மனிதர் சூரர். ஆனால், தன் படத்தில் அடுத்தவன் விரல் பட்டால் கத்தியால் துணியைக் கிழித்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிடுவார். தம்மம்பட்டியில் ஒரு மிராசுதார் வீட்டுச் சுவரில் இன்னும் வெறும் சட்டம்தான் தொங்குகிறது என்பார்கள்.

அப்பேர்ப்பட்டவரை எருமப்பட்டியின் பெரிய பண்ணைக்காரரான பண்ணாடியின் புது வீட்டுக்கு அழைத்துவந்த புத்திசாலி, அந்தப் பண்ணையின் குமாஸ்தாவான நான். துரைமார் பங்களாவில் தொங்குகிற மாதிரிப் படம் வேண்டும் என்றார் பண்ணாடி. மேலே கொல்லிமலை, கீழே ஆறு, இடிந்த மண்டபம், கரையில் புராண காலத்துப் பெண்கள். கிரகப்பிரவேசத்தன்று படம் சுவரில் இல்லையென்றால் எனக்கும் பண்ணையில் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்.

கிரகப்பிரவேசத்துக்கு முந்தின நாள், படத்தை முடித்துவிட்டு மேஸ்திரி குளிக்கப் போனார். காவலுக்கு நான். வெற்றிலை துப்பிவிட்டுத் திரும்பினால், பண்ணாடி வீட்டம்மா படத்தைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். பெண்கள் அத்தனை பேர் நெற்றியிலும் சந்தனம், குங்குமம்.

“நாளைக்கு நல்ல காரியம். பொம்பளைங்க வெறும் நெத்தியோட நின்னா நல்லாருக்குமா சாமி?”

எண்ணெய்ச் சாயம் காய வாரக்கணக்காகும். ஈரத்தில் குங்குமம் குடியேறியிருந்தது. வேட்டி நுனியால் ஒரு பொட்டை மட்டும் துடைத்தேன். பொட்டு போகவில்லை, மூக்கு போய்விட்டது. மூக்கைத் திருப்பி வைக்கப் பார்த்தேன். வாயும் கிளம்பிவிட்டது. அம்மா நைசாகச் சமையற்கட்டுக்கு நழுவினார். பின்னால் ஈரக் காலடி கேட்டது.

“யாருங்க கை வெச்சது?”

மேஸ்திரியின் குரல் தணிந்திருந்தது. அது கெட்ட அறிகுறி. மடியிலிருந்த கத்தி கைக்கு வந்தது. நான் கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன். அந்தப் பெண்ணின் மூக்கு என் வேட்டியில் இருப்பது ஞாபகமில்லை.

படத்தைப் பார்த்தார். வேட்டியைப் பார்த்தார். பிறகு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கத்தி எழுந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“கண்ணைத் தொறங்க. அசையாதீங்க. அந்த முழி அப்படியே இருக்கட்டும். இத்தன பேரு கரையில நிக்கறாங்க, ஆத்துக்குப் பயந்தவன் ஒருத்தன்கூட இல்லீங்களே.”

மூக்கிழந்தவளை வழித்தெடுத்துவிட்டு, அங்கே வெள்ளத்தைக் கண்டு மிரளும் ஒருவனைத் தீட்ட ஆரம்பித்தார். மற்ற பொட்டுகளைப் பற்றித் திக்கித் திணறிக் கேட்டேன்.

“இருக்கட்டுங்க. பொம்மையா நின்னாங்க. இப்பத்தான் ஊடு வாசல் இருக்கற பொம்பளைங்க களை வந்துருக்குது.”

படம் சுவரேறியது, என் வேலையும் பிழைத்தது. அன்று கால் மரத்துப்போகும்வரை நின்றேன். தூரிகையும் கையுமாக அவர் என் நெற்றிச் சுருக்கம், மேலுதட்டு வியர்வை ஒன்றையும் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். என் முகத்தை அவ்வளவு பொறுமையாகப் பார்த்தவர்கள் அதற்கு முன்பும் இல்லை, பிறகும் இல்லை.