எலும்பையும் காணோம்

தட்டில் மீன் தலை மட்டும் இருந்தது. அதுவும் கன்னத்துச் சதை நீங்கலாக.

பாவ் குவான்சாய், கையில் அரிசி மதுப் புட்டியோடு அறை வாசலிலேயே நின்றுவிட்டார். காரில் மறந்துவிட்ட புட்டியை எடுத்துவரத்தான் கீழே போனார். வழியில் தெரிந்தவர் ஒருவர் பிடித்துக்கொண்டதில் அரை மணி ஆகிவிட்டது. போகும்போது அந்த வட்ட மேசையில் கை வைக்க இடமில்லை. மஞ்சள் மீன், சிவக்கச் சமைத்த பன்றிக்கறி, நண்டு, மூங்கில் குருத்து என்று சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. திரும்பி வந்தால் வெள்ளைப் பீங்கான் பல்லைக் காட்டுகிறது.

மேசைக்கு அந்தப் பக்கம் கெங்கும் அவர் மனைவியும், படம் பிடிக்க உட்கார்ந்தவர்கள் மாதிரி கைகளை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கம் பாவின் மனைவி மெய்ஃபென் தேநீரை ஊதிக்கொண்டிருந்தாள்.

“சம்பந்தி, நீங்க சாப்பிடவே...” என்று வாய்ப்பழக்கத்தில் ஆரம்பித்த பாவ், தட்டுகளைப் பார்த்து மீதியை விழுங்கினார்.

“இன்னும் சம்பந்தி ஆகல” என்றார் கெங். “நல்லா சாப்பிட்டாச்சு. போதும்.”

கடலோரத்து நிங்போ நகரத்தில் விருந்தாளி ‘போதும்’ என்று சொல்வதை யாரும் சட்டை செய்வதில்லை. தட்டு என்ன சொல்கிறது என்றுதான் பார்ப்பார்கள். தட்டில் பாதி மிச்சமிருந்தால் அது விருந்து. காலியாக இருந்தால், கூப்பிட்டு உட்காரவைத்துப் பட்டினி போட்டதாக அர்த்தம்.

சாதாரண விருந்தாக இருந்தால்கூடப் போகட்டும் என்று விடலாம். பாவின் மகனுக்கு வயது முப்பத்து மூன்று. பேசிய இரண்டு வரன்களும் தட்டிப் போயின. மூன்றாவதாக ஷாங்காயில் வேலை பார்க்கும் இடத்தில் அவனே ஒரு பெண்ணைப் பிடித்தான். பெண்ணுக்குச் சம்மதம், பெண்ணின் அம்மாவுக்கும் சம்மதம். அப்பா கெங் மட்டும், “வீட்டு லட்சணம் தெரியாம பொண்ணைக் குடுக்க முடியாது” என்று வடக்கே ஹெனானிலிருந்து ரயிலேறி வந்துவிட்டார். பிள்ளைகளுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. பெரியவர்கள் நாலு பேரும் சாப்பிட்டு எழுந்திருப்பதற்குள் முடிவு தெரிந்துவிடும் என்று ஏற்பாடு.

கடலோரத்து வியாபாரிகளுக்குக் கை இறுக்கம் என்று வடக்கே ஒரு பேச்சு உண்டு. வந்து உட்கார்ந்ததுமே கெங்கின் மனைவி, “உங்க பக்கம் ஒரு முட்டையை நறுக்கி நாலு பேருக்கு வைப்பாங்களாமே” என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். பாவும் சிரித்தார். உள்ளே சுருக்கென்றது.

இப்போது தட்டும் அதையே சொன்னது.

“இதோ வரேன்” என்று புட்டியை மேசையில் வைத்தார்.

மெய்ஃபென் அவர் சட்டை நுனியைப் பிடித்தாள். “எங்கே? போதும்னு சொல்றாங்கல்ல.”

“உனக்குத் தெரியாது. கையை விடு.”

அந்த உணவகத்தில் மேசையில் உட்கார்ந்தபடியே எதையும் கேட்க முடியாது. கீழ்த்தளத்தில் மீன் தொட்டிகளும் பண்ட வரிசையும் இருந்தன. இறங்கிப் போய் விரலால் காட்ட வேண்டும். பாவ் இறாலைக் காட்டினார், சிப்பியைக் காட்டினார், பன்றித் தொடை ஒன்றை முழுசாகக் காட்டினார். பரிமாறும் பெண் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டாள்.

“நாலு பேருக்குத்தானே முதலாளி?”

“பேச்சைக் குறை. தட்டைப் பெருசாப் போடு.”

எல்லாம் மேலே வந்தது. பாவ் உட்கார்ந்து, விருந்தாளிகளின் கிண்ணங்களில் குவித்துக் குவித்து வைத்தார். கெங் ஒரே ஒரு இறாலை எடுத்தார். தோலை உரித்தார். அதை மென்ற நேரத்தில் வேறொருவர் ஒரு கிண்ணம் சோறு சாப்பிட்டிருப்பார். மேசையில் சிந்தியிருந்த ஒரு நிலக்கடலையைக் குச்சிகளால் தேடிப் பிடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

“நான் தானியக் கிடங்குல இருந்தவன்” என்றார். “சிந்துனது கண்ணுல பட்டா விட மாட்டேன்.”

“நல்ல பழக்கம்” என்றார் பாவ், எதற்கும் இருக்கட்டும் என்று.

“உங்க தொழில்தான் எனக்குப் புரியல. மிச்சத்தைப் போடுற டப்பாதானே செய்யறீங்க. நாங்க சேர்த்து வைக்கறோம், நீங்க எறிய வைக்கறீங்க.”

பாவ் இதற்குத் தயாராகத்தான் வந்திருந்தார். அறை மூலையில் ஓர் அட்டைப் பெட்டி நிறைய மாதிரி டப்பாக்கள் இருந்தன. எழுந்து போய் ஒன்றைக் கொண்டுவந்து கெங்கின் கையில் வைத்தார். “பிளாஸ்டிக் எல்லாம் போயாச்சு. இது கரும்புச் சக்கை. ஒரு மழைக்காலம் பூமியில கிடந்தா மண்ணோட மண்ணு.”

கெங் அதை வளைத்துப் பார்த்தார், மோந்து பார்த்தார், மூடியைப் போட்டு எடுத்தார். “டப்பா மண்ணாயிடும். சரி. உள்ளே போட்டு எறியற சோறு?”

பாவ் தலையாட்டினார். இன்னொரு சிப்பியை எடுத்து அவர் கிண்ணத்தில் வைத்தார்.

“இவ்வளவு இருக்கே” என்று மெய்ஃபென் அவர் காதருகே குனிந்தாள். “மீந்தா அந்த டப்பாவுலயே கட்டிக்கலாம்.”

“நிச்சயம் பேசுற மேசையிலயா? கறியை எண்ணிட்டு உட்கார்ந்திருந்தோம்னு நினைப்பாங்க. நான் ஊருக்கு டப்பா விக்கறவன், நமக்கு இல்ல.”

மெய்ஃபென் கெங்கைப் பார்த்தாள். அவர் டப்பா மூடியை இன்னும் போட்டு எடுத்துக்கொண்டிருந்தார்.

அப்போது பாவின் பையில் தொலைபேசி அடித்தது. தொழிற்சாலையில் அச்சு ஒன்று மாட்டிக்கொண்டதாம். தாழ்வாரத்துக்குப் போய், அதை எப்படித் தட்ட வேண்டும் என்று கத்திச் சொல்லிவிட்டுத் திரும்பினார்.

சிப்பி ஓடுகள் கூட்டமாகக் கிடந்தன. இறால் தட்டில் சாறு மட்டும் இருந்தது. பன்றித் தொடை இருந்த இடத்தில் ஒன்றுமில்லை.

எலும்பையும் காணோம்.

கெங் மேலே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். முகம் சிவந்திருந்தது. சட்டையின் மேல் பொத்தான் அவிழ்ந்திருந்தது. நெற்றியில் வேர்வை. அவர் மனைவி கைக்குட்டையால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பாவுக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. முன்னால் உட்கார்ந்திருந்தால் இறால் ஒன்றை அரை மணி நேரம் மெல்கிறார்கள். முதுகைத் திருப்பினால் எலும்போடு விழுங்குகிறார்கள். கூச்சம். பாவம், வடக்கிலிருந்து எத்தனை தூரம், ரயிலில் வெறும் வயிற்றோடு வந்தார்களோ என்னவோ.

மெய்ஃபெனிடம் சாடை காட்டி வாசலுக்கு அழைத்தார். “பார்த்தியா? நான் இருந்தா சாப்பிட மாட்டேங்கறாங்க.”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல. நீங்க பேசாம வந்து உட்காருங்க.”

“எலும்பு எங்கே போச்சு, சொல்லு.”

மெய்ஃபென் ஒரு கணம் யோசித்தாள். “அவங்க வீட்டுல நாய் இருக்காம்” என்றாள்.

“அதுக்கென்ன இப்போ? நான் எலும்பைக் கேட்டா நீ நாயைச் சொல்ற.”

அவளோடு பேசிப் பயனில்லை என்று கீழே இறங்கினார். படிக்கட்டில் பரிமாறும் பெண் துணி போட்டு மூடிய பெரிய தாம்பாளத்தை இரண்டு கையாலும் பிடித்து வந்தவள், சுவரோடு ஒட்டி வழி விட்டாள்.

“இது என்ன?”

“கீழே போகுது முதலாளி” என்றாள். கீழேதான் போய்க்கொண்டிருந்தது.

பண்ட வரிசையின் முன் நின்று பாவ் ஒரு தளபதி மாதிரி யோசித்தார். ஒரேயடியாகத் தின்று தீர்க்க முடியாதது எது? கண்ணாடிக்குப் பின்னால் முழு வாத்து ஒன்று, சோயாச் சாறில் ஊறிக் கறுத்து, கழுத்தை மடித்துப் படுத்திருந்தது. நல்ல வளர்த்தி.

“அதை அப்படியே. நறுக்காதே.”

“முழுசாவா? அது ஒரு குடும்பத்துக்கு ரெண்டு வேளை வரும்.”

“அந்தக் குடும்பம் உனக்குத் தெரியாது. கூடவே ஒரு அண்டா எள் உருண்டை. வறுத்த அரிசி அடை ரெண்டு தட்டு.”

அந்தப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு எழுதினாள். “சிலர் அப்படித்தான் முதலாளி” என்றாள். “ஆள் இல்லாதப்பதான் வேலையே நடக்கும்.”

பாவுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. புரிந்துகொண்ட பெண்.

இம்முறை அவர் உத்தியை மாற்றினார். வாத்து வந்த பிறகு எழுந்திருக்கவே கூடாது. தான் உட்கார்ந்திருந்தால் அவர்கள் தொட மாட்டார்கள். தொடாவிட்டால் மிச்சம் இருக்கும். மிச்சம் இருந்தால் மானம் இருக்கும். நாற்காலியை இழுத்து மேசைக்கு நெருக்கமாகப் போட்டு அமர்ந்தார்.

வாத்து வந்தது. மேசை நடுவில் வைத்ததும் மற்ற தட்டுகள் ஒதுங்கின. யாரும் கை வைக்கவில்லை. கெங் வாத்தைப் பார்த்தார். பிறகு பாவைப் பார்த்தார். மறுபடி வாத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு வலி தெரிந்தது.

“எடுத்துக்குங்க” என்றார் பாவ்.

“வயித்துல இடமில்ல.”

“அப்போ இருக்கட்டும். கிடக்கட்டும். மிச்சமிருந்தா என்ன?”

கெங்கின் தாடை இறுகியது. அவர் குச்சிகளை மெதுவாகக் கீழே வைத்தார். “என் பொண்ணு சோத்துப் பானையில ஒரு பருக்கை ஒட்டினாலும் தண்ணி ஊத்திக் குடிக்கற பொண்ணு” என்றார். “எனக்கு ஒரு யோசனை வருது.”

கெங்கின் மனைவி அவர் கையை அழுத்தினாள். மெய்ஃபென் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். கீழே மீன் தொட்டியில் நீர் கொப்பளிப்பது மேலே கேட்டது.

வரன் கையை விட்டுப் போகிறது என்பது பாவுக்குப் புரிந்தது. ஏன் போகிறது என்பதுதான் புரியவில்லை. ஒரு பருக்கையைக்கூட விடாத பெண் என்றால்? நல்ல தீனி தின்னும் பெண் என்று பொருளா? எங்கள் வீட்டில் பசியாறுமா என்று சந்தேகப்படுகிறாரா?

“நீங்க” என்றார் கெங் கடைசியில், குரலைத் தணித்துக்கொண்டு, “போய் ஒரு சிகரெட் பிடிச்சுட்டு வாங்களேன்.”

பாவின் மனம் இளகிவிட்டது. மனுஷன் வாய்விட்டே கேட்டுவிட்டார். எத்தனை பசி இருந்தால் இப்படிக் கேட்பார்.

“ரெண்டு பிடிக்கறேன் சம்பந்தி” என்று எழுந்தார்.

“மூணு பிடிங்க” என்றாள் மெய்ஃபென்.

படிக்கட்டின் திருப்பத்தில் நின்று அவர் மூன்றும் பிடித்தார். உள்ளேயிருந்து நாற்காலி நகரும் சத்தம், ‘இந்தப் பக்கம் பிடிங்க’ என்று கெங்கின் குரல், ‘கழுத்தை மடிங்க’ என்று மெய்ஃபெனின் குரல். பாவுக்கு நெஞ்சு நிறைந்தது. தன் மனைவியே பக்கத்திலிருந்து ஊட்டிவிடுகிறாள் போலிருக்கிறது. எத்தனை சொன்னாலும் சமயத்தில் கைகொடுப்பவள்.

அவர் திரும்பி வந்தபோது வாத்து இல்லை. எள் உருண்டை இல்லை. அரிசி அடை இல்லை. கெங் எழுந்து நின்றிருந்தார். இத்தனை நேரத்தில் முதல் தடவையாகச் சிரித்தார். கையில் மதுக் கிண்ணம்.

“உங்க வீட்டு லட்சணம் பார்த்துட்டேன்” என்றார். “என் பொண்ணு இங்கே நல்லா இருப்பா. சம்பந்தி, எடுங்க.”

பாவுக்குக் கண் கலங்கியது. இரண்டு கிண்ணம் அடுத்தடுத்து ஊற்றிக் குடித்தார். வாத்துதான் காரியத்தை முடித்தது என்று அவருக்குச் சந்தேகமே இல்லை. இறாலோடு நிறுத்தியிருந்தால் மகன் இன்னும் பிரம்மச்சாரி.

கை கழுவும்போது கெங் அவர் தோளைத் தொட்டார். “உங்க சரக்கு நல்ல சரக்கு. மூடி இறுக்கமா நிக்குது, ஒழுகல. ஆனா ஒரு அளவு பெருசாவும் போடணும் நீங்க.”

“போட்டுடலாம் சம்பந்தி. உங்களுக்காகவே போடறேன்.” ஒரு மாதிரி டப்பாவை வெறுமனே போட்டு எடுத்துப் பார்த்ததற்கே இத்தனை அக்கறையா என்று பாவ் வியந்தார். பெண்ணின் அப்பா என்றால் இப்படி இருக்க வேண்டும்.

குடித்திருந்ததால் அவர் வண்டி ஓட்ட முடியாது. மெய்ஃபென் சாவியை வாங்கிக்கொண்டு விருந்தாளிகளோடு முன்னால் இறங்கிப் போனாள். பாவ் அறையைக் கடைசியாக ஒரு முறை பார்த்தார். மேசை முழுக்கச் சுத்தம். மூலையில் டப்பாப் பெட்டியையும் காணோம். மெய்ஃபென் எடுத்துப் போயிருப்பாள். காலித் தட்டைப் பார்த்து மனம் குளிர்ந்தது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

ஆடி அசைந்து படியிறங்கினார். கீழே பரிமாறும் பெண் அவருக்காகவே காத்திருந்தவள் போல, வாழைக்குலை மாதிரி எதையோ, சோயாச் சாறு கசிந்த செய்தித்தாளில் சுற்றிக் கையில் ஏந்தி நின்றாள்.

“அந்த வயித்தைப் பார்த்தியா பொண்ணே?” என்றார் பாவ் பெருமையோடு. “முழு வாத்து.”

“கார் முழுக்க டப்பாவா அடுக்குனதுல உங்களுக்கு உட்கார இடமில்லையாம், முதலாளி” என்றாள் அவள், பொட்டலத்தை அவர் கையில் வைத்தபடி. “இது ஒண்ணுதான் எந்த டப்பாவுலயும் அடங்கல; மடியில வெச்சுக்கிட்டு பஸ்ஸுல வந்துருவீங்களாம்.”