ஆரஞ்சுப் புள்ளிகள் குறித்து அக்காவுக்கு விளக்கம்

மதிப்பிற்குரிய சந்திரமதி அக்கா அவர்களுக்கு,

புக்கிட் பாத்தோக்கிலிருந்து தங்கள் தம்பி வேலாயுதம் பணிவுடன் எழுதுவது. இங்கு அனைவரும் உடல்நலத்துடன் இருக்கிறோம். காத்தோங்கில் தாங்களும் அத்தானும் அவ்வாறே இருக்கப் பிள்ளையாரை வேண்டுகிறேன். என் மனநிலையைக் கேட்காதீர்கள், நானே கீழே சொல்கிறேன். தாங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவை விட்டு வெளியேறிவிட்டதாலும், என் அழைப்பை எடுக்காததாலும், தபால்தலை ஒட்டிக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று.

அக்கா, அந்தப் படம் உங்களுக்கு எதிரா போட்டது இல்ல. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நான் புதன்கிழமை சாயங்காலம் சமூக மன்றத்துல கோடிங் வகுப்புக்குப் போறது உங்களுக்குத் தெரியும். வாத்தியார் அஃப்னான், "அங்கிள், உங்க வீட்டு விவரம் எதையாவது புள்ளிகளா வரைஞ்சு அனுப்புங்க"ன்னு வீட்டுப்பாடம் கொடுத்தார். எங்க வீட்டுல என்ன விவரம் இருக்கு, நம்ம பொண்ணு நிரஞ்சனாவைப் பார்க்க வந்த வரன்கள்தான். குறுக்கே, பையன் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தார். நெடுக்கே, அவர் போன பிறகு நிரா போட்ட மார்க். வரைஞ்சா எள்ளைக் கொட்டின மாதிரி கறுப்பா கிடக்குது, ஒண்ணும் புரியல. படம் வரையச் சொல்ற அதே வரியில கலர்னு போட்டு இன்னொரு விவரத்தையும் கொடுத்தா, கம்ப்யூட்டரே பிரிச்சு நிறம் பூசிடும்னு அஃப்னான் சொன்னார். நான், வரனைக் கொண்டு வந்தவங்க பேரைக் கொடுத்தேன். மச்சான் அருண்ராஜ் நீலம், நீங்க ஆரஞ்சு. நிறத்தைத் தேர்ந்தெடுத்தது கம்ப்யூட்டர்தான், நான் இல்ல. நீலமெல்லாம் மேல போய் உட்கார்ந்துக்கிச்சு (ஒருத்தருக்கு ஜாதகம் சேரல, ஒருத்தர் ஆஸ்திரேலியா போயிட்டார், அது வேற கதை). ஆரஞ்சு மொத்தமும் வலது பக்கம் அடியில, அவ்வளவு நேரம் உட்கார்ந்தும் மார்க் இல்ல.

அதை வகுப்புக் குழுவுக்கு அனுப்புறதா நினைச்சு குடும்பக் குழுவுக்கு அனுப்பிட்டேன். ஓரத்துல ஆரஞ்சுக்கு நேரா உங்க முழுப்பேர் வேற. பதறிப்போய் அழிச்சா, எனக்கு மட்டும் அழிக்கிறதை அமுக்கிட்டேன் போல, என் ஃபோன்ல மட்டும்தான் அது இல்ல. மச்சான் கைதட்டுற பொம்மை போட்டார். சரி, பேரையாவது மறைப்போம்னு உங்களுக்கு ஒண்ணு, மச்சானுக்கு ரெண்டுன்னு நம்பர் கொடுத்து மறுபடி ஓட்டினேன். நம்பரைப் பார்த்ததும் கம்ப்யூட்டர் அதை ஏதோ அளவுன்னு எடுத்துக்கிச்சு. ஓரத்துல வெளிர் நிறத்திலேர்ந்து அடர் நிறம் வரைக்கும் ஒரு பட்டை, அதுக்கு நடுவுல ஒண்ணரைன்னு போட்டிருக்கு. ஒண்ணரை அக்கான்னா யாரு லா? அந்தப் படத்தையும் குழுவுல போட்டு, "ஒண்ணு என்பது அக்கா"ன்னு கீழ விளக்கமும் எழுதினேன். அதுக்கப்புறம்தான் நீங்க குழுவை விட்டுப் போனீங்க. என்னை மன்னிச்சிடுங்க அக்கா.

அக்கா, வர்ற ஞாயித்துக்கிழமையைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. ஜூரோங் பையன் மிதுனன் வீட்டார் சிலோன் ரோடு கோயிலுக்கு வர்றாங்க, பூஜை முடிஞ்சு பேசலாம்னு நீங்கதானே ஏற்பாடு பண்ணீங்க. நீங்க வரலைன்னா அவங்க எங்களை எப்படி நம்பிப் பேசுவாங்க? இத்தனை வரன் வந்தும் வாயைத் திறக்காத பொண்ணு, இந்தப் பையன் படத்தைப் பார்த்துட்டு, "அப்பா, எந்தப் புடவை கட்டட்டும்"னு கேட்டாளே. இது என்னால கெட்டுப்போச்சுன்னா எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அவ முன்னாடி நிப்பேன். எனக்கு உங்க மேல ஒரு குறையும் இல்ல. நீங்க கொண்டு வந்த ஒவ்வொரு பையனையும் நான்தான் பக்கத்துல உட்கார வச்சு, நான் வேலை பார்த்த கப்பல் பட்டறையில கிரேன் சாய்ஞ்ச கதையெல்லாம் சொல்லிக் கூச்சம் போக்கினேன். தங்கமான பசங்க, குறுக்கே ஒரு வார்த்தை பேசாம கடைசி வரைக்கும் கேட்டாங்க.

அத்தானுக்கும் தங்களுக்கும் எங்கள் அனைவரின் வணக்கங்கள். ஞாயிறு காலை பிள்ளையார் தரிசனத்தோடு தங்கள் தரிசனமும் கிடைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளும்,

தங்கள் தம்பி,
வேலாயுதம்

பி.கு.: உறையை ஒட்டப் போனப்ப நிரா கடிதத்தை வாங்கிப் படிச்சுட்டா. மடிக்கணினியை இழுத்து, "அப்பா இருந்தாரா"ன்னு புதுசா ஒரு விவரம் சேர்த்து, அந்தக் கலர் வரியில கொண்டு வந்தவங்க பேரை எடுத்துட்டு அதை வச்சு ஓட்டினா. உங்க வரன்கள் எல்லாம் ஞாயித்துக்கிழமை வந்தவங்க, நான் வீட்டுல இருந்தேன். மச்சானோட வரன்கள் புதன்கிழமை வந்தவங்க, நான் வகுப்புல இருந்தேன். உங்க பேரே இல்லாம அதே படம் அச்சா வந்துச்சு. "அந்தப் பசங்க குரலையே நான் கேக்கலப்பா, எதுக்கு மார்க் போடுறது"ன்னு கேக்குறா. அதனால மேல எழுதினதுல மன்னிப்பை மட்டும் வச்சுக்கிட்டு மத்ததை அடிச்சிடுங்க. ஞாயித்துக்கிழமை நீங்க கட்டாயம் வரணும், நான் வரல. கோயிலுக்குப் பக்கத்து பஸ் ஸ்டாப்புல உட்கார்ந்திருக்கேன்னு நிராகிட்ட சொல்லிட்டேன். எல்லாரும் பேசி முடிச்ச பிறகு, அந்தக் கிரேன் எப்படிச் சாய்ஞ்சதுன்னு மிதுனனாவே கேட்டா மட்டும், அங்க அனுப்பி வைங்க.