பதிலோடு வரும் கேள்விக்காரர்

திருப்பரங்குன்றத்திலிருந்து பேரையூர் வரைக்கும் எந்தப் பஸ்ஸில் ஏறினாலும் இப்படி ஒருவராவது இருப்பார். கேள்வி கேட்பவர். ஆனால் பதிலையும் கையோடு கொண்டு வந்திருப்பவர்.

"சாப்ட்டாச்சுல்ல?" என்பார். பசியோடு இருக்கும் நீங்கள் தலையை ஆட்டிவிடுவீர்கள். புது மாப்பிள்ளையிடம் "மாமியா வீட்ல மதிக்கிறதில்லைல்ல?" என்றும், ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரிடம் "முந்தி மாதிரி முடியலைல்ல?" என்றும் கேட்டு, அவரவர் வாயாலேயே ஒரு ஆமாம் வாங்கிக்கொண்டு, அதைச் சாயங்காலத்துக்குள் ஊர்ச் செய்தியாக்கி, "அவனே சொன்னான்" என்று சத்தியமும் செய்வார். அவன் எங்கே சொன்னான்?

எங்கள் ஊர் வெள்ளைத்துரை அண்ணன் இந்த இனத்தில் முதல் தரம். அவருடைய தோட்டத்து மோட்டார் உடைந்தது. உடைத்தது பக்கத்துக் காட்டுப் பாண்டியராஜன்தான் என்று போலீசில் எழுதிக் கொடுத்தார். பாண்டியராஜனுக்கு அப்போதுதான் அரசாங்க வேலை கிடைத்திருந்தது. தண்டனை என்றால் வேலை போச்சு.

சாட்சி, அண்ணன் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சும் பேயாண்டி. ஒரு மாதம் டீக்கடையில் பாடம் நடந்தது.

"பாண்டியராஜன் கம்பியோட வந்தான்ல?"

"ஆமாண்ணே."

"மோட்டார ஓங்கி அடிச்சான்ல?"

"ஆமாண்ணே."

"அம்புட்டுத்தான்! கோர்ட்லயும் இதையே சொல்லு."

கோர்ட்டில் பேயாண்டி இதையேதான் சொன்னார். அரசு வக்கீலும் அதே தினுசில்தான் கேட்டார். மூன்றாவது "ஆமாங்கய்யா"வில் பாண்டியராஜனின் வக்கீல் எழுந்தார்.

"ஆட்சேபணை அய்யா. பதிலையும் அவரே சொல்லிவிட்டால் சாட்சிக்கு இங்கே என்ன வேலை?"

அந்த வக்கீல் பவதாரிணி என் கூடப்பிறந்த தங்கச்சி என்பதற்காகச் சொல்லவில்லை. நீதிபதியே பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன பார்த்தார் என்று மட்டும் கேளுங்கள்" என்றார் நீதிபதி.

கேட்டார்கள். பேயாண்டி முழித்தார். பின்வரிசையில் இருந்த அண்ணனைப் பார்த்தார். அண்ணன் பலமாகத் தலையை ஆட்டினார். வெறும் தலையாட்டலுக்கு எப்படி ஆமாம் சொல்வது?

"மோட்டார் ஒடையிறதுக்கு மொத நாளே பொகஞ்சு போச்சுங்கய்யா" என்றார் பேயாண்டி. "அண்ணன்தான் கோவத்துல கம்பிய எடுத்து நாலு போடு போட்டாரு."

"இதை ஏன் இத்தனை நாளும் சொல்லவில்லை?" என்றார் நீதிபதி.

"என்ன பாத்தேன்னு இப்பத்தானய்யா கேக்குறாக."

வழக்கு அத்தோடு படுத்துவிட்டது. பாண்டியராஜன் இப்போது வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறான்.

பேயாண்டி சாட்சி சொன்ன அன்று சாயங்காலம் தங்கச்சி வீட்டுக்கு வந்தாள். வாசலிலேயே பிடித்துக்கொண்டேன்.

"ஜெயிச்ச மாதிரித்தான்ல? நீ எந்திரிச்சதும் ஜட்ஜே அசந்துட்டாருல்ல?"

"ஆட்சேபணைண்ணே" என்று சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றினாள்.

அது கிடக்கட்டும். உங்களுக்கு அந்தப் பழக்கம் இல்லைதானே?